உங்களுக்குப் பிடித்த ஒரு படம்: என்ன செட்டிங்ஸ், ஏன், எடிட்டிங்கில் என்ன செய்தீர்கள்?

புதுலென்ஸ்:
வணக்கம். இங்கே படம் போடுகிறவர்கள் கேமரா பெயர், லென்ஸ் பெயர், கீழே 1/200 (ஷட்டர் திறந்திருக்கும் விநாடி), எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 1600 (ஒளி உணர்திறன்) என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஏன் 1/200? 1/500 வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைச் சொல்வாரில்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஒரே ஒரு படம் போதும். எந்த எண்ணை முதலில் முடிவு செய்தீர்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா, அதோடு வந்த 18–55 கிட் லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். அதை மனதில் வைத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கூத்துப்பிரியன்:
என் பெயரைப் பார்த்தாலே தெரியும் தம்பி, என்ன படம் என்று. விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து, நள்ளிரவு தாண்டிய நேரம். இரண்டு பேர் திரைத் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருக்கிறார்கள். பின்னால் துரியோதனன் நிற்கிறார். துணிக்கு மேலே கிரீடம் முழுசாகத் தெரிகிறது, முகம் மூக்கு வரைக்கும்தான். பாட்டு முடிந்து திரையை இறக்கப் போகிறார்கள்.

85 மி.மீ., எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா.

முதலில் முடிவானது 1/100. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கூத்துக்கு எல்.இ.டி. ஃபோகஸ் லைட்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/500-இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்த படம் மங்கலாக, சிலவற்றில் குறுக்கே பட்டைப் பட்டையாக வரும். 1/100 என்றால் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் உள்ளே வந்துவிடும். 1/50-உம் சரிதான், ஆனால் ஆள் அசைந்தால் போச்சு. இன்னொன்று, சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடாதீர்கள். சாதாரண சென்சாரில் அது வரி வரியாகப் படிப்பதால் பட்டை இன்னும் மோசமாகும்.

1/100-இல் கட்டை வேடம் (கிரீடமும் மர அணிகலன்களும் பூண்ட வேடம்) சுழன்று ஆடுவதை நிறுத்திப் பிடிக்க முடியாது. அதனால்தான் திரைக்குப் பின்னால் நிற்கிற நொடியைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த தலைவலி சிவப்பு. துரியோதனன் முகத்தில் பூசியிருப்பது அடர் சிவப்பு அரிதாரம். கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், வலது ஓரம்தான் உச்சம்) பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆர்.ஜி.பி. மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதிக்கொண்டிருக்கும். அப்படி எடுத்த படத்தில் கன்னம் சிவப்பு பெயிண்ட் அடித்த தகடாகிவிடும். அரிதாரத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார்கள், வியர்வையில் அது லேசாக வழிந்திருக்கும், அந்த நுணுக்கம் எதுவும் மிஞ்சாது. அதனால் மீட்டர் சொன்னதைவிட முக்கால் ஸ்டாப் குறைத்தே எடுத்தேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விடவில்லை, 4500 கெல்வினில் நிறுத்திவிட்டேன். ஆட்டோவில் விட்டால் சிவப்பு ஃப்ரேமை நிரப்பும்போதெல்லாம் கேமரா பதறிப்போய் நீலத்தை ஏற்றும்.

எடிட்டிங் குறைவுதான். எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் மேலே, ஹைலைட் (உச்ச வெளிச்சப் பகுதி) கீழே. கிரீடத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லுகள் வெளுத்துப் போகாமல் இருக்க அந்த இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு இறக்கினேன். சிவப்பின் லூமினன்ஸ் (அந்த நிறத்தின் பிரகாசம்) ஒரு சொட்டு குறைவு. பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை இருட்டிலேயே விட்டுவிட்டேன்.

மொட்டைமாடி:
அண்ணே, படம் அருமை. ஆனால் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஷேடோவை (இருட்டுப் பகுதியை) கொஞ்சம் தூக்கினால் பின்னால் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிகளும் தூங்குகிற பிள்ளைகளும் தெரிவார்களே? கூத்து என்றால் அவர்களும்தானே. இன்றைய சென்சாரில் மூன்று ஸ்டாப் தூக்கினாலும் ஒன்றும் ஆகாது. தகவல் ஃபைலில் இருக்கிறது, நீங்கள்தான் மூடி வைத்திருக்கிறீர்கள்.

கூத்துப்பிரியன்:
தூக்கலாம் தம்பி, தூக்கியும் பார்த்தேன். பாட்டிகள் தெரிந்தார்கள், கூடவே பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் வண்டி, யாரோ ஒருவர் கையில் ஒளிரும் செல்போன் எல்லாம் தெரிந்தன. கிரீடத்தின் மேல் இருந்த கண் அங்கே போய்விட்டது. கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்றால் கூட்டத்தைப் படமெடுக்கிறேன், 24 மி.மீ. போட்டு, மேடைக்குப் பின்னாலிருந்து. அப்படி ஒன்றும் வைத்திருக்கிறேன். இந்தப் படத்தின் வேலை வேறு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்தது? வெளிச்சத்தில் ஒரு கிரீடம், சுற்றிலும் கும்மிருட்டு. ஷேடோ ஸ்லைடரை வலது பக்கம் இழுத்தால் நடுநிசி சாயங்காலம் ஆறரை மணி மாதிரி ஆகிவிடுகிறது.

இருட்டறை:
இந்தச் சண்டை டிஜிட்டலோடு பிறந்தது இல்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுக் கற்றுக்கொண்டவன் நான். இரவுக் கூத்துக்கு கோடாக் ட்ரை-எக்ஸ் கிடைத்தால் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, டெவலப்பரில் கூடுதல் நேரம் போடுவோம். ‘புஷ்’ என்போம். புஷ் செய்தால் ஹைலைட் ஏறும், ஷேடோ ஏறாது. இருட்டில் வெளிச்சமே விழாத இடத்தில் ஃபிலிமில் ஒன்றும் பதிவாகியிருக்காது, தூக்க என்ன இருக்கிறது? எது தெரிய வேண்டும் என்பதை பட்டனை அழுத்தும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஆனால் ‘அந்தக் காலத்தில் எடிட்டிங் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரில் நிலா உதிப்பதை எடுத்த படம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் படுகிறது, மேலே கறுத்த வானம், சின்ன நிலா. வண்டியை நிறுத்தி 8×10 அங்குல கேமராவை விரித்தார், லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து மனக்கணக்காகப் போட்டதுதான் எஃப் 32, ஒரு விநாடி. ஃபிலிமின் வேகம் 64, முன்னால் மஞ்சள் ஃபில்ட்டர். இரண்டாவது ஷீட்டைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. ஆக, இருப்பது ஒரே நெகட்டிவ்.

நேரடியாக ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தால் அதன் வானம் சாம்பல் நிறம், அங்கங்கே மேகத் தீற்றல். நாம் பார்க்கும் கறுப்பு வானம் இருட்டறையில் ‘பர்ன்’ செய்து, அதாவது தாளில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கறுக்க வைத்து, வந்தது. கீழ்ப்பகுதி மெலிந்து இருக்கிறது என்று 1948-இல் நெகட்டிவின் அந்தப் பாகத்தை மட்டும் ரசாயனத்தில் அடர்த்தியாக்கினார் (நெகட்டிவில் அடர்த்தி கூடினால் பிரிண்டில் வெளிச்சம் கூடும்). அதற்குப் பிறகும் பத்தாண்டுக்குப் பத்தாண்டு வானம் கறுத்துக்கொண்டே போனது. வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட் அந்த ஒரு நெகட்டிவிலிருந்து. கூத்துப்பிரியன் கிரீடத்துக்கு மாஸ்க் போட்டதும் அவர் வானத்துக்குக் கையால் வெளிச்சம் கொடுத்ததும் ஒரே வேலைதான்.

மொட்டைமாடி:
ஐயா, நீங்கள் சொன்னதே என் பக்கமும் பேசுகிறதே. ஆடம்ஸ் வானத்தைக் கறுப்பாக்கினார், கீழே இருந்த ஊரை வெளிச்சமாக்கவும் செய்தார். அதாவது ஷேடோவைத் தூக்கினார்.

இருட்டறை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். தூக்கினார். எங்கே தூக்கினார் என்பதையும் பாருங்கள். படம் எதற்காகவோ, அந்தச் சிலுவைகள் இருக்கும் இடத்தில்.

முழுநிலா:
நிலா பேச்சு வந்துவிட்டதால் என் படம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம், பின்னால் இறங்கும் நிலா, காலை வெயில்.

400 மி.மீ., எஃப் 8, 1/200, ஐஎஸ்ஓ 200. செங்குத்து ஃப்ரேம், முக்காலி.

இந்தப் படத்தில் செட்டிங்ஸ் ஒரு பொருட்டே இல்லை, நாள்தான் எல்லாம். பௌர்ணமி அன்று சாயங்காலம் போகிறவர்கள் பலர், நிலா மேலே வருவதற்குள் கோபுரம் இருட்டிவிட்டது என்று திரும்பி வருவார்கள். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும், தாமதமாக மறையும். அதனால் நிலா உதிப்பது வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை, மறைவது வேண்டுமென்றால் மறுநாள் காலை. இந்த இரண்டு வேளையிலும் நிலாவும் வெயிலும் சேர்ந்து இருக்கும். பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. மறுநாள் காலையில் கிழக்கே தள்ளி நின்றால் முதுகுக்குப் பின்னால் சூரியன், எதிரே பொன் நிறத்தில் கருங்கல், அதற்குப் பின்னால் நிலா. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்கிவிடும். இரண்டு படத்தை ஒட்டவைக்கத் தேவையே இல்லை.

அடுத்தது தூரம். நிலா வானத்தில் சுமார் அரை டிகிரி. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் 9 மீட்டர் அகலமுள்ள பொருளுக்குச் சமமாகத் தெரியும், இரண்டு கிலோமீட்டர் என்றால் 18 மீட்டர். விமானம் 66 மீட்டர் உயரம். கோயில் வாசலில் நின்று எடுத்தால் நிலா ஒரு பொட்டு. நான் கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில், தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்றேன். சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் மி.மீ. எண்ணை) 110-ஆல் வகுத்தால் போதும். 400 மி.மீ. என்றால் சுமார் 3.6 மி.மீ.

ஷட்டரைப் பற்றி ஒன்று மட்டும்: நிலா நகரும். 400-இல் ஒரு விநாடி திறந்தால் விளிம்பு கரைந்துவிடும். 1/200-க்கு அந்தக் கவலை இல்லை. எஃப் 8 வைத்தது லென்ஸ் அங்கே கூர்மையாக இருப்பதால்தான், வேறு தத்துவம் எதுவும் கிடையாது.

எடிட்டிங்கில் வானத்துக்கு மட்டும் டீஹேஸ் (மூட்டம் நீக்குவது) கொஞ்சம். பகல் நிலா வெளிறித்தான் இருக்கும், நீலத்தின் லூமினன்ஸை இறக்கினால் எழுந்து வரும். கல்லின் மேல் கை வைக்கவில்லை. வலது ஓரத்தில் ஒரு கேபிள் டிவி வயர் குறுக்கே போனது, அதை அழித்தேன். (விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது இங்கே எழுத வந்தால், சாயங்காலம் கிழக்குப் பக்கம் நின்று பார்த்துவிட்டு எழுதவும்.)

சாம்பல்18:
வயரை அழித்தது சரியா?

முழுநிலா:
என் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம். ஏன் கூடாது?

சாம்பல்18:
சுவருக்கு என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் இதே படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினால் கூடாது. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இருந்த பொருளை எடுக்கவோ இல்லாததை வைக்கவோ கூடாது. பத்திரிகைப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015-இல், இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் சுமார் ஐந்தில் ஒன்றை எடிட்டிங் அத்துமீறலுக்காகத் தள்ளிவிட்டார்கள். ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை) வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தள்ளினார்கள். அதில் சில, நிழலை அடியோடு கறுப்பாக்கி அங்கே இருந்த பொருளை மறைத்தவை. கூத்துப்பிரியன் அண்ணன் கவனிக்கவும்.

கூத்துப்பிரியன்:
கவனித்தேன். நான் கறுப்பாக்கவில்லையே, கறுப்பாக வந்ததை வெளுக்காமல் விட்டேன். வித்தியாசம் உண்டு.

சாம்பல்18:
வித்தியாசம் உண்டுதான். உங்கள் படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். நான் கல்யாண ஃபோட்டோகிராஃபர். எனக்குப் பிடித்த படம் ஒன்றைச் சொல்கிறேன், மணப்பெண் மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் ஜன்னலோரம் நின்று காபி குடிக்கிறாள். 50 மி.மீ., எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 800, ஜன்னல் வெளிச்சம் மட்டும். நல்ல கறுத்த நிறம் அவளுக்கு, பட்டுச்சேலை அரக்கு. பின்னால் புகை படிந்த இருட்டுச் சுவர்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் என்ன செய்யும்? எல்லாவற்றையும் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். இருட்டுச் சுவர், கறுத்த முகம், அரக்குச் சேலை என்று கண்டால் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று நினைத்து ஒரு ஸ்டாப் ஏற்றிவிடும். முகம் சாம்பல் பூத்துப் போகும், மூக்குத்தி வெளுத்துவிடும். நான் மைனஸ் ஒன்றில், அதாவது ஒரு ஸ்டாப் குறைத்து, வைத்து எடுத்தேன். மூக்குத்தியும் கன்ன மேட்டில் விழும் ஜன்னல் ஒளியும்தான் படத்தின் உச்ச வெளிச்சம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

எடிட்டிங்கில் செய்யாததைச் சொல்வதுதான் முக்கியம். எங்கள் தொழிலில் ஆல்பம் டிசைன் செய்பவரிடம் ஃபைல் போனதும் முதல் வேலையாக ஆரஞ்சு லூமினன்ஸை ஏற்றுவார்கள், சாச்சுரேஷனை இறக்குவார்கள், தோலை வழவழப்பாக்குவார்கள். பெண் இரண்டு ஷேடு வெளுத்துவிடுவாள். கையைப் பார்த்தால் ஒரு நிறம், முகத்தைப் பார்த்தால் ஒரு நிறம். வீட்டுக்காரர்களே கேட்கிறார்கள் என்பார்கள். சிலர் கேட்கவும் செய்கிறார்கள், பொய் இல்லை. இந்தப் பெண்ணிடம் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். வெளுத்ததைப் பார்த்து ‘இது யாரு, எங்க அத்தை பொண்ணா?’ என்றாள்.

இருட்டறை:
இதற்கு வேர் ஆழம். கலர் லேபில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையை ‘ஷர்லி கார்டு’ என்பார்கள். நீண்ட காலம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. அதை வைத்து நம் முகத்தை அச்சடித்தால் பல்லும் கண்ணும்தான் தெரியும், ஸ்டுடியோக்காரர் பிரிண்டை வெளுத்துக் கொடுத்தார். பழக்கம் அப்படியே சாஃப்ட்வேருக்கு ஏறிவிட்டது.

மொட்டைமாடி:
சாம்பல்18 அக்கா, கறுத்த தோலுக்கு மைனஸ் ஒன்று என்பதை விதியாக எடுத்துக்கொள்ளலாமா?

சாம்பல்18:
ஐயோ, வேண்டாம். பின்னணி இருட்டாக இருந்ததால் மைனஸ். அதே பெண் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றிருந்தால் பிளஸ் ஒன்று போட்டிருப்பேன், இல்லாவிட்டால் முகம் இருண்டு போயிருக்கும். தோலைப் பார்த்து இல்லை, ஃப்ரேமில் எது அதிக இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பறவைநோக்கி:
இதேதான் எங்களுக்கும், தலைகீழாக. வேடந்தாங்கலில் வெள்ளைக் கொக்கு பறக்கிறது. பின்னால் கருவேலங்காடு வந்தால் ஆட்டோவில் கொக்கு வெளுத்துவிடும், இறகே தெரியாது. அடுத்த நொடி பின்னால் வானம் வந்தால் கொக்கு கறுத்துவிடும். பறவை மேல் விழும் வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறுகிறது. அதனால் முழு மேனுவல். 500 மி.மீ., எஃப் 6.3, 1/2500, ஐஎஸ்ஓ 640. ஒருமுறை இறகுக்குச் சரியாக வைத்துவிட்டால் மேகம் வரும்வரை தொட வேண்டாம். எடிட்டிங்கில் கிராப், ஒயிட்ஸ் கொஞ்சம் கீழே. அவ்வளவுதான்.

புதுலென்ஸ்:
ஒரே மூச்சில் படித்தேன். மூன்று கேள்வி. ஒன்று, என் 50 எஃப் 1.8 கூத்துக்குப் போதுமா? இரண்டு, ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போனால் என் கேமராவில் புள்ளி புள்ளியாக வருகிறது, அந்தப் புள்ளியை (நாய்ஸ்) நீக்க டீநாய்ஸ் போட்டால் முகம் மெழுகு மாதிரி ஆகிறது. மூன்று, ஸ்கிரீனில் நன்றாக இருக்கும் படம் பிரிண்ட் போட்டால் இருண்டு வருகிறது. லேப்காரர் என் ஃபைல்தான் தப்பு என்கிறார்.

கூத்துப்பிரியன்:
தாராளமாகப் போதும். ஏபிஎஸ்-சியில் 50 என்பது 75 மாதிரி, திரை ஓரம் நிற்க இடம் கிடைத்தால் அளவான ஃப்ரேம். எஃப் 2.2-இல் வையுங்கள். கூத்து வாத்தியாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

டீநாய்ஸுக்கு: லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் முதலிலேயே 50-இல் நிற்கும். நான் 25, 30-க்கு மேல் போவதில்லை. அரிதாரத்தின் சொரசொரப்பும் தோலின் துவாரமும் நாய்ஸும் அதற்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. முகத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தபடியே ஸ்லைடரை நகர்த்துங்கள், இருட்டுப் பகுதியைப் பார்த்து நகர்த்தாதீர்கள். ஷேடோவைத் தூக்காவிட்டால் பாதி நாய்ஸ் கண்ணிலேயே படாது, மொட்டைமாடி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மொட்டைமாடி:
கோபம் இல்லை அண்ணே. ஆனால் அந்த 24 மி.மீ. கூட்டப் படத்தையும் போடுங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

இருட்டறை:
மூன்றாவது கேள்விக்கு நான். பெரும்பாலும் ஃபைலும் தப்பில்லை, லேபும் தப்பில்லை. உங்கள் ஸ்கிரீன் பிரகாசம் முழு அளவில் இருக்கும். பிரிண்ட் தானாக ஒளிராது, அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான் அதற்குத் தெரியும். எடிட்டிங் ஸ்கிரீனின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா இருந்தால் போதும். அளக்கும் கருவி இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஸ்கிரீனின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை குறையுங்கள். நைட் மோடை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள், அவர்கள் வேறு கேட்டால் ஒழிய. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் சாதாரண லேபில் நிறம் செத்துப் போகும். 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐ என்றால் 3600×5400 பிக்சல், 24 மெகாபிக்சல் கேமராவில் கிராப் செய்யக் கொஞ்சம் இடம் மிச்சம். மேட் (மினுமினுப்பில்லாத) தாளில் கறுப்பு ஒருபோதும் முழுக் கறுப்பாக வராது, கூத்துப் படத்துக்கு லஸ்டர் (லேசான மினுமினுப்புள்ள) தாள் கேளுங்கள்.

பெரிய பிரிண்டுக்கு முன்னால் அதே தாளில் 4×6 மூன்று போட்டு வாங்குங்கள்: இருக்கிறபடி ஒன்று, கால் ஸ்டாப் கூட்டி ஒன்று, அரை ஸ்டாப் கூட்டி ஒன்று. பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். லேபின் டியூப்லைட்டில் பார்க்காமல், படத்தை எங்கே மாட்டப் போகிறீர்களோ அந்தச் சுவரில் வைத்துப் பாருங்கள்.

புதுலென்ஸ்:
தாளைப் பிடித்துப் பார்த்தேன் ஐயா. என் லேப்டாப் வெள்ளை கண்ணைக் கூசுகிறது. 35 சதவீதத்துக்கு இறக்கியபிறகுதான் தாளோடு ஒத்துவந்தது. பழைய படங்களெல்லாம் இப்போது இருட்டாகத் தெரிகின்றன, பிரிண்டில் வந்த மாதிரியே. மூன்று 4×6-க்கு நாளை கொடுக்கிறேன்.